புகையில்லாத சக்தியும் நம்முடைய மூச்சும்



"என்ன டிரஸ்ஸர் ஐயா, மருந்து மாத்திரையைப் பற்றி எழுதாமல் கரண்டைப் பற்றி எழுத வந்துட்டீங்க?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். இருமல், சளி, இளைப்பு, நெஞ்சு இறுக்கம், கண்ணெரிச்சல் என்று எத்தனை பேர்! பலருடைய நோய்க்குப் பின்னால் புகை இருக்கிறது. புகைக்குப் பின்னால் நாம் எரிக்கும் எரிபொருள் இருக்கிறது. ஆகவே எரிபொருளைப் பற்றிப் பேசுவதும் வைத்தியம் பேசுவதுதான்.

பசுமைச் சக்தி என்பது என்ன?

நிலக்கரி, டீசல், இயற்கை எரிவாயு ஆகியவை பூமிக்கு அடியில் பல கோடி ஆண்டுகளில் உண்டானவை. எடுக்க எடுக்கக் குறையும். எரித்தால் கரியமில வாயு வரும். நிலக்கரியும் டீசலும் அதோடு புகையையும் தூளையும் கக்கும். வெயில், காற்று, ஓடும் தண்ணீர், செடிகொடிகளின் கழிவு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சக்தி அப்படியல்ல. இன்று செலவழித்தாலும் நாளைக்கு மறுபடி கிடைக்கும். இதைத்தான் பசுமைச் சக்தி என்கிறார்கள்.

கெலுகோரைப் பாருங்கள். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் உள்ள இந்த ஊருக்கு, நம் வீட்டுப் பெண்கள் மீன் குழம்பில் போடும் 'அசாம் கெப்பிங்' காய்க்கும் மரத்தின் பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரௌன் என்ற வெள்ளைக்காரர் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டார். ஆமாம், இதுவும் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த ஊர்தான். பிற்காலத்தில் இதே ஊரின் கடலோரத்தில் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் எழும்பியது. 1985-ல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தைத் தாண்டி நிபோங் தெபால் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள். ஜாதிக்காய்த் தோட்டம், எரிவாயு மின்நிலையம், செம்பனை என்று காலம் மாறிவிட்டது. அடுத்து வரப்போகும் மாற்றம் பசுமைச் சக்தி. 2050-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு பசுமைச் சக்தியாக இருக்கவேண்டும் என்று மலேசிய அரசாங்கம் 2023-ல் குறி வைத்தது. இந்த மாற்றத்தில் தொழிலாளிக்கு என்ன லாபம், என்ன ஆபத்து என்று நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

புகை உடம்பை என்ன செய்கிறது?

விறகு, கரி, மண்ணெண்ணெய், டீசல் எதை எரித்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் வருகிறது. நம் தலைமுடியின் குறுக்களவு சுமார் 50 முதல் 70 மைக்ரான். இந்தத் தூளோ இரண்டரை மைக்ரானுக்கும் குறைவு. மூக்கில் உள்ள முடி இதைப் பிடிக்காது. நேரே நுரையீரலின் கடைசி அறை வரை போகும். அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரல் புற்றுநோய், பிள்ளைகளுக்கு நிமோனியா ஆகிய எல்லாவற்றுக்கும் அது வழிவிடுகிறது.

2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையினால் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுப்படியில் நிற்பது யார்? அம்மா. அவள் இடுப்பில் இருப்பது யார்? கைப்பிள்ளை. ஆகவே முதலில் அடி வாங்குவதும் அவர்கள்தான்.

"நம்ம வீட்டிலேதான் கேஸ் அடுப்பு இருக்கே!" என்பீர்கள். சரிதான். ஆனால் குளிக்க வெந்நீர் போடவும், விசேஷத்துக்குச் சமைக்கவும் விறகு எரிக்கிறோம். கொசுவை விரட்டக் குப்பையைக் கொளுத்துகிறோம். கரண்டு நின்றால் சிலர் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிறார்கள். இந்தக் கடைசிப் பழக்கம் உயிரையே வாங்கும். ஜெனரேட்டர் விடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜெனரேட்டரை எப்போதும் வெளியே, கதவுக்கும் ஜன்னலுக்கும் தூரமாக வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

வெயிலும் காற்றும்

சூரிய மின்பலகையில் எரிவது எதுவும் கிடையாது. வெளிச்சம் பட்டதும் பலகைக்குள் மின்சாரம் உண்டாகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பலகை ஒரு நாளைக்குச் சராசரியாக 3 முதல் 4 யூனிட் வரை கொடுக்கும். மழை மூட்டமான நாளில் குறையும், இரவில் கிடையாது. அதற்குத்தான் பேட்டரி வேண்டும், அல்லது பொது மின்கம்பியோடு இணைப்பு வேண்டும்.

மருத்துவத்துக்கும் இதில் பெரிய உதவி இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் சூரிய சக்தியால் ஓடும் குளிர்ப்பெட்டிகள் இந்த வேலையைச் செய்கின்றன. உலகில் ஏறக்குறைய 100 கோடி மக்கள் நம்பியிருக்கும் மருத்துவ நிலையங்களில் ஒழுங்கான மின்சாரம் இல்லை, அல்லது மின்சாரமே இல்லை என்று 2023-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. பிரசவ நேரத்தில் விளக்கு அணைந்தால் தாயின் கதி என்ன என்பதை மருத்துவச்சி வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

காற்றாலைக்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்று ஒரு சின்னப் பஞ்சாயத்து. 2006-ல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைப் பஞ்சாயத்தே வாங்கியது. வங்கிக் கடனும் வாங்கினார்கள். ஊருக்குத் தேவையானது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். பசுமைச் சக்தி பெரிய முதலாளிகளுக்கு மட்டும் உரியதல்ல; கூடி நின்றால் சாதாரண மக்களும் உடைமையாக்கிக் கொள்ளலாம் என்பதற்கு இது சாட்சி. ஆனால் நம் நாட்டில் பல இடங்களில் காற்று பலமில்லை. நமக்குக் கையில் இருப்பது வெயிலும் செம்பனையும்தான்.

செம்பனை ஆலைக் கழிவிலிருந்து மின்சாரம்

ஆலையில் பழக்குலையை அவித்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து ஆலையை ஓட்டுவது பழைய வழக்கம். இதுவும் பசுமைச் சக்திதான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: பசுமை என்று பெயர் வைத்ததால் புகை இல்லாமல் போய்விடாது. புகைபோக்கியில் தூளைப் பிடிக்கும் கருவி நன்றாக வேலை செய்யாவிட்டால், அந்தத் தூள் லயத்துக் கூரையிலும் கொடியில் காயும் துணியிலும் நம் நெஞ்சிலும்தான் இறங்கும்.

அடுத்தது கழிவுநீர். ஒரு டன் பழக்குலையை ஆட்டினால் ஏறக்குறைய 0.65 டன் கழிவுநீர் வருகிறது. பழுப்பாக, சூடாக, புளித்த வாடையோடு குளத்துக்குப் போகும். அங்கே காற்றுப் படாத அடிப்பகுதியில் கிருமிகள் அதைத் தின்று மீத்தேன் என்ற வாயுவை விடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும்.

குளத்தை மூடி அல்லது தொட்டி கட்டி அந்த வாயுவைப் பிடித்தால் அதுவே எரிபொருள். ஒரு டன் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கனமீட்டர் உயிர்வாயு கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டன் பழக்குலை, 65 டன் கழிவுநீர், சுமார் 1,800 கனமீட்டர் வாயு. அதை இயந்திரத்தில் எரித்தால் 3,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். மாதம் 300 யூனிட் செலவாகும் 10 வீடுகளுக்கு ஒரு மாதத்துக்குப் போதும்! 2014 ஜனவரி 1 முதல், புதிதாகக் கட்டும் ஆலைகளும் உற்பத்தியைப் பெருக்கும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்கவோ தவிர்க்கவோ வசதி செய்யவேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது.

நாற்றம் குறைகிறது, டீசல் மிச்சமாகிறது, பூமிக்கும் நல்லது. எல்லாம் சரி. இனிமேல் சொல்லப்போவதுதான் மிக முக்கியம்.

அழுகிய முட்டை வாடை

இந்தக் குளத்திலும் தொட்டியிலும் மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவும் உண்டாகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய்விடும். "வாடை போயிடுச்சு, இனி பயமில்லை" என்று நினைத்து ஒருவர் உள்ளே இறங்குவார். உண்மையில் வாயு கூடியிருக்கும்! 500 பங்குக்கு மேல் போனால் ஆள் சுருண்டு விழுவார். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே உயிர் போகலாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே பள்ளத்திலும் தொட்டியின் அடியிலும் தங்கும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. முதலில் விழுந்தவரைத் தூக்க இரண்டாவது ஆள் குதிப்பார். அவரும் விழுவார். அண்ணன் தம்பி, கூட்டாளி என்ற பாசமே எமனாகிவிடும். ஆகவே கீழ்க்கண்டவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்:

1. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல், பயிற்சி இல்லாமல், எந்தத் தொட்டியிலும் குழியிலும் இறங்கக் கூடாது. "ஐந்து நிமிஷ வேலைதான்" என்று யார் சொன்னாலும் சரி.

2. இறங்குவதற்கு முன் கருவி வைத்து வாயுவை அளக்கவேண்டும். மூக்கு கருவி அல்ல.

3. வெளியே ஒருவர் கட்டாயம் காவல் நிற்கவேண்டும். இறங்குபவர் உடம்பில் இடுப்புக் கவசமும் கயிறும் இருக்கவேண்டும்.

4. துணி முகமூடியும் ஈரத் துண்டும் இந்த வாயுவைத் தடுக்காது.

5. மீத்தேன் தீப்பிடிக்கும், வெடிக்கும். பக்கத்தில் சிகரெட், பீடி, வெல்டிங் கூடாது.

6. ஒருவர் விழுந்துவிட்டால் குதிக்காதீர்கள். சத்தம் போடுங்கள், 999-க்கு அழையுங்கள். கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுங்கள். மூச்சுக் கருவி அணிந்த மீட்பு ஆட்கள்தான் உள்ளே போகவேண்டும்.

7. வெளியே எடுத்தபின் நல்ல காற்றில் படுக்கவையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதவேண்டாம். அவர் மூச்சிலுள்ள விஷம் உங்களைத் தாக்கலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, அதைப் போக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவருக்குக் கெடுதல் செய்யக் கூடாது. இதைப் பெரட்டிலும் கூட்டத்திலும் எல்லாருக்கும் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களுக்கும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். விஷவாயு பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வராது.

கமிட்டியில் கேட்க வேண்டியவை

உங்கள் ஆலையில் உயிர்வாயுத் திட்டம் இருந்தால் தோட்டக் கமிட்டி இவற்றைக் கேட்கட்டும்: வாயு அளக்கும் கருவி எத்தனை இருக்கிறது? கடைசியாக அதை எப்போது சரிபார்த்தார்கள்? பயிற்சி பெற்றவர்கள் யார் யார்? கொதிகலன் புகையை அளக்கிறார்களா? எடுக்கும் மின்சாரத்தில் லயத்துக்கும் ஆயாக்கொட்டகைக்கும் பங்கு உண்டா? மரியாதையாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் தாய்மார்கள் செய்யவேண்டியது சுலபம். விறகு எரித்தே ஆகவேண்டுமானால் வெட்டவெளியில் எரியுங்கள். உலர்ந்த விறகையே பயன்படுத்துங்கள். கைப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக்கைக் கொளுத்தவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு வந்து சளியைச் சோதியுங்கள், காசநோயாகவும் இருக்கலாம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கெலுகோரில் மிண்டன் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பொறியியல் வளாகம் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிபோங் தெபாலில், செம்பனைச் சீமையிலேயே இருக்கிறது. சூரியப் பலகை பொருத்தவும், வாயு இயந்திரம் ஓட்டவும், பாதுகாப்பு அதிகாரியாக இருக்கவும் இனி ஆட்கள் வேண்டும். தொட்டியைக் கழுவ இறங்கும் கூட்டத்தில் மட்டும் நம் பிள்ளைகள் நின்றால் போதாது. கருவியைக் கையில் பிடித்து, "இன்னும் இறங்காதே, வாயு இருக்கு" என்று சொல்லும் இடத்திலும் அவர்கள் நிற்கவேண்டும். அதற்குக் கணக்கும் அறிவியலும் இப்போதே படியுங்கள்.