சேவல் இறகில் கடல்மீன் தூண்டில்

நாட்டுச் சேவலைக் கறிக்கு அறுக்கும்போது அதன் நீண்ட இறகுகள் குப்பைக்குப் போகின்றன. அவற்றைத் தூண்டில் முள்ளில் கட்டி, நீரில் சிறு மீன் போல் அசையச் செய்து பெரிய கடல் மீன்களைப் பிடிக்கலாம். மேல்நாடுகளில் இதனை 'ஃப்ளை' என்பர். கட்டப் பழகுவோர் ஒரே வகையை முதலில் நன்கு கற்பது நலம். அதற்கேற்றது 'டிசீவர்' என்னும் வகை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த லெஃப்டி கிரே (1925-2018), செசபீக் விரிகுடா மீன்களுக்காக 1950களின் பிற்பகுதியில் இதனை உருவாக்கினார். வீசும்போது இறகுகள் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்வதே அதுவரை இருந்த குறை. இறகுகளை முள் தண்டின் பின்முனையிலேயே கட்டி அதைத் தவிர்த்தார். 1991இல் அமெரிக்க அஞ்சல் தலையிலும் இது இடம்பெற்றது. வட ஆஸ்திரேலியாவில் கொடுவா பிடிக்கவும் இது பயன்படுகிறது.

தேவையான பொருட்கள்

துருப்பிடிக்காத எஃகு முள் (2/0 எண்), உறுதியான நைலான் நூல், சேவல் இறகு 6, வெள்ளாட்டின் நீண்ட வெள்ளை மயிர், பிளாஸ்டிக் ஜரிகை, நிறமற்ற நகப் பாலிஷ், முள்ளை இறுக்கிப் பிடிக்கச் சிறிய வைஸ். உலோக ஜரிகை உப்பு நீரில் கறுத்துவிடும்.

வாலுக்கு அருகே முதுகின் இருபுறமும் தொங்கும் ஒடுங்கிய இறகுகளே ஏற்றவை. முழு வளர்ச்சியடைந்த சேவலில்தான் இவை நீளமாக இருக்கும். பிராய்லர் கோழி சில வாரங்களிலேயே விற்கப்படுவதால் அதில் கிடைப்பதில்லை. நோயுற்ற பறவையின் இறகை எடுக்கக் கூடாது. சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பாச்சை உருண்டையுடன் மூடி வைக்க வேண்டும்.

கட்டும் முறை

1. முள்ளை வைஸில் பொருத்தி, கண்ணுக்குப் பின்னிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை நூலை நெருக்கமாகச் சுற்றவும்.

2. பக்கத்துக்கு 3 இறகு வீதம் தண்டின் பின்முனையில் கட்டவும். இறகின் உட்குழிவுகள் ஒன்றையொன்று நோக்க வேண்டும். முள்ளின் நீளத்தைப் போல் இரு மடங்கு பின்னால் நீண்டிருக்கலாம்.

3. தண்டின் மேல் ஜரிகையைச் சுற்றி நூலால் இறுக்கவும்.

4. ஆட்டு மயிரின் அடியிலுள்ள குட்டையான பஞ்சு மயிரைச் சீவி நீக்கவும். கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொரு சிறு கற்றை வைத்துக் கட்டவும். நுனிகள் முள் வளைவைச் சற்றுக் கடக்க வேண்டும்.

5. நூலால் தலை அமைத்து முடிச்சிட்டு, இருமுறை பாலிஷ் பூசவும்.

புதியவர் செய்யும் தவறுகள் இரண்டு. மயிரை அதிகமாக வைத்தால் மீனின் ஒடுங்கிய வடிவம் கெடும். கண் வரை நெருக்கிக் கட்டினால் நரம்பு கோக்க இடமிராது. எனவே 3 மி.மீ. இடைவெளி விடவும். கட்டியபின் இறகைப் பிடித்து இழுத்துப் பார்க்கவும். வழுக்கினால் அவிழ்த்துக் கட்டுவதே சரி. பல்லுள்ள மீன் ஒரே கடியில் உருவிவிடும்.

பயன்படுத்துதல்

இதற்கு எடை குறைவு. மேல்நாட்டார் கனமான தனிவகைக் கயிற்றின் எடையால் இதை வீசுகின்றனர். அக்கருவி இல்லாதோர் அரை மீட்டர் முன்னால் சிறு ஈயக் குண்டு சேர்க்கலாம், அல்லது படகின் பின் இழுக்கலாம். விட்டுவிட்டு இழுத்தால் இறகு உயிருள்ளது போல் துடிக்கும். பயன்படுத்தியபின் நல்ல நீரில் அலசி, உலர்ந்தபின்னரே பெட்டியில் வைக்க வேண்டும்.

எச்சரிக்கை

அமெரிக்காவில் மான் வால் மயிரைக் கட்டுவர். நம் நாட்டில் மான் மயிரைத் தேடக் கூடாது. சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு ஒரு காலத்தில் இத்தொழிலுக்காக ஏற்றுமதியானது. இன்று அப்பறவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. வேட்டையும் விற்பனையும் குற்றமாகும். வீட்டுச் சேவலும் ஆடும் தருவதே போதும். இறகு விற்பனையை மட்டும் நம்பிச் சேவல் வளர்ப்பில் முதல் போட வேண்டாம். வீணாகும் இறகைப் பயனாக்குவதே முதற்படி.