சாவி யாரிடம் இருக்கிறது?

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை எத்தனை முறை தாண்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. தீபாவளி, பொங்கல், கல்யாணம், காரியம் எல்லாவற்றுக்கும் அதே சாலைதான். ஒருமுறைகூட உள்ளே திரும்பியதில்லை. கடைசியில் திரும்பியது எண்ணாயிரம் என்ற ஊருக்காக.

சோழர் காலத்தில் அதன் பெயர் இராசராச சதுர்வேதிமங்கலம். அந்த ஊருக்கு ஒரு சபை இருந்தது. நிலம், வரி, ஏரி, வழக்கு என்று நாம் இன்று நாலு அலுவலகத்துக்கு அலையும் காரியங்களைச் சோழ நாட்டுச் சபைகள் உட்கார்ந்த இடத்திலேயே பேசித் தீர்த்தன. தண்டனையும் வேறு மாதிரி. வேட்டையில் குறி தவறி ஆள் இறந்துபோனால், எய்தவன் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்புகள் கல்வெட்டுகளில் உண்டு. ஒரு விளக்குக்கு வழக்கமான கணக்கு 96 ஆடு.

எண்ணாயிரம் சபையின் கல்வெட்டு இருப்பது அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில். நான் போனபோது கோயில் பூட்டியிருந்தது. தெருவில் நெல் துழாவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். “பூசை முடிஞ்சி ஐயரு போயிட்டாரு தம்பி. செத்த உக்காரு, புள்ளைய அனுப்பி சாவி வாங்கியாறச் சொல்றேன்” என்றார். ஆகவே முதலில் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். காலை பூசை நேரத்துக்கே போய்விட்டால் இன்னும் நல்லது. குடிக்கத் தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

காலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உச்சி வெயிலில் கல்வெட்டு வெறும் கல்லாகத்தான் தெரியும். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் இறங்கும். சுவர் நிழலில் இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெரியவேண்டும் என்று மாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள். எழுத்துக்குப் பக்கத்தில் அகல் ஏற்றாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வரியை எத்தனை கோயில்களில் பார்த்து நொந்திருக்கிறேன்!

அச்சான வாசகத்தைக் கையில் கொண்டுபோங்கள். 1917-இல் படியெடுத்த 333-ஆம் எண் கல்வெட்டு, முதலாம் இராசேந்திரன் காலத்தது. சபை இங்கே ஒரு கல்லூரி நடத்த எடுத்த முடிவு அது. மாணவர் 340 பேர். இருக்கு வேதத்துக்கு 75, யசுருக்கு 75, ரூபாவதாரம் என்ற இலக்கணத்துக்கு 40 என்று பாடவாரியாக எண்ணிக்கை. இதற்கென்று 45 வேலி நிலம். இளைய மாணவர் 270 பேருக்குத் தலைக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல், மூத்தவர் 70 பேருக்கு ஒரு குறுணி இரு நாழி. கூட்டிப் பார்த்தேன், மாணவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 24 கலத்துக்கு மேல் வருகிறது. ஒரு கிராமத்துச் சபை இவ்வளவு பொறுப்பாகப் படியளந்திருக்கிறதே என்று மனம் நெகிழ்ந்துபோனது.

சோழர் காலக் கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எ, ஏ வித்தியாசமும் கிடையாது. அதனால் வரி வரியாகப் படிக்க ஆசைப்படாதீர்கள், தெரிந்த சொல்லாகத் தேடுங்கள். நான் ஊர்ப்பெயரைத் தேடினேன், ‘நாழி’யைத் தேடினேன்.

நேரம் மிச்சமிருந்தால் பனைமலை. இராசசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலின் சிறு சந்நிதியில் குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் இருக்கிறது. உச்சி வெயிலுக்கு முன் மலை ஏறிவிடுங்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள்.

எண்ணாயிரத்தில் சாவி கொண்டுவந்த பையன் கிளம்பவே இல்லை. நான் டார்ச் பிடிக்க, அவன் கையைக் கட்டிக்கொண்டு சுவரை உற்றுப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணா, இது ‘ழ’ தானே?” என்றான். ‘ழ’வேதான்.