கருச்சிதைவும் டாக்சோபிளாஸ்மா தொற்றும்

தில்லி மாநகரின் கரோல் பாக் பகுதியில் இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்குக் குறைவில்லை. கருச்சிதைவுக்கு உள்ளான பெண்கள் பலர் அங்கிருந்து 'டார்ச்' பரிசோதனை அறிக்கையுடன் திரும்புகின்றனர். டாக்சோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்ப்பிஸ் ஆகிய தொற்றுகளை ஒருங்கே ஆராய்வது இச்சோதனை. அறிக்கையில் டாக்சோபிளாஸ்மாவுக்கு எதிரே 'பாசிட்டிவ்' என்று கண்டதும், கரு கலைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டதாகக் குடும்பத்தினர் கருதுகின்றனர். இம்முடிவு பெரும்பாலும் தவறானது. ஏன் என்பதை அறிய, இவ்வொட்டுண்ணியின் இயல்பை முதலில் காண்போம்.

டாக்சோபிளாஸ்மா கோண்டி என்னும் இந்த ஒரு செல் உயிர் 1908-இல் துனிசில் ஒரு கொறிவிலங்கிலும், அதே ஆண்டில் பிரேசிலில் முயலிலும் கண்டறியப்பட்டது. இதன் வாழ்க்கைச் சுழற்சியில் பூனைக்கு உள்ள பங்கு 1970-ஆம் ஆண்டையொட்டியே தெளிவாயிற்று. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டோருள் இந்தியாவில் பிறந்த கால்நடை மருத்துவ அறிஞர் ஜே. பி. துபே ஒருவர். தொற்றுற்ற பூனை ஓரிரு வாரங்களில் கோடிக்கணக்கான நுண்சிதல்களை மலத்துடன் வெளியேற்றுகிறது. அவை ஒன்று முதல் ஐந்து நாட்களில் தொற்றும் திறன் பெற்று, ஈரமண்ணில் மாதக் கணக்கில் உயிர்வாழ்கின்றன. சரிவர வேகாத இறைச்சி மற்றொரு வழி. ஆயினும் மரக்கறி உணவினருக்கு இந்நோய் வாராது என்ற எண்ணம் சரியன்று; மண்ணும் நீரும் கழுவாத கீரையும் போதும். கோயமுத்தூரில் 2004-05-இல் 248 பேருக்கு இத்தொற்றினால் கண்நோய் கண்டது. நகராட்சிக் குடிநீரே அதற்குக் காரணமாக இருக்கலாம் என ஐயுறப்பட்டது. வழக்கமான குளோரின் அளவு இச்சிதல்களை அழிப்பதில்லை என்பதைக் குடிநீர்த் துறையினர் நினைவிற்கொள்ள வேண்டும்.

கருவுற்ற பெண்ணுக்கு உண்மையான ஆபத்து எப்போது? கருவுற்றிருக்கும் காலத்தில் அவர் முதன்முறையாகத் தொற்றுக்கு ஆளாகும்போதுதான். முதல் மூன்று மாதங்களில் தொற்று கருவைச் சென்றடையும் வாய்ப்பு குறைவு. ஆனால் சென்றடைந்தால் விளைவு கடுமை. கருச்சிதைவு, கருவிலேயே இறப்பு, மூளையில் நீர் தேங்குதல் ஆகியன நேரலாம். இறுதி மாதங்களில் நிலைமை தலைகீழ்: பரவும் வாய்ப்பு மிகுதி, பாதிப்பு பெரும்பாலும் குறைவு, எனினும் பிறந்தபோது நலமாகத் தோன்றிய குழந்தைக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கண் விழித்திரை பழுதுபடுவதுண்டு. தாய்க்கோ சிறு காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, அல்லது எவ்வித அறிகுறியும் இன்மை.

ஒரு முறை தொற்றுற்ற பெண்ணுக்கு எதிர்ப்பாற்றல் வாழ்நாள் முழுதும் நிலைக்கிறது. நோய்த்தடுப்பாற்றல் குன்றியோர் நீங்கலாக, பழைய தொற்று பின்னாளைய கருவைத் தாக்குவது மிக அரிது. எனவே மீண்டும் மீண்டும் நேரும் கருச்சிதைவுக்கு இவ்வொட்டுண்ணியைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. 2014-இல் வெளியான ஆய்வொன்று இந்தியாவில் குழந்தை பெறும் வயதிலுள்ள 1,464 பெண்களைச் சோதித்தது. பழைய தொற்றைக் காட்டும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் 22.4 சதவிகிதத்தினரிடம் இருந்தது, தென்னிந்தியாவில் 37.3, வட இந்தியாவில் 19.7 சதவிகிதம். புதிய தொற்றைச் சுட்டும் ஐ.ஜி.எம். 1.43 சதவிகிதத்தினரிடம் மட்டுமே. அதாவது, எந்தக் குறையுமற்ற பெண்களுள்ளும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' வரும். ஐ.ஜி.எம். கூட ஓராண்டுக்கு மேல் நீடிக்கக்கூடும்; ஆதலால் அது ஒன்றே சான்றாகாது. ஐ.ஜி.ஜி.யின் பிணைப்புத் திறனை அளக்கும் அவிடிட்டி சோதனையில் உயர்ந்த அளவு காணப்படின், தொற்று ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம்.

தவறான முடிவின் விலை பணம் மட்டுமன்று. தேவையற்ற மருந்து ஒருபுறமிருக்க, தைராய்டுக் குறை, கட்டுப்படாத நீரிழிவு, கருப்பையின் அமைப்புக் கோளாறு, ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய், குரோமோசோம் மாறுபாடு போன்ற காரணங்கள் ஆராயப்படாமலே அடுத்த கருவும் கலையக்கூடும். பூனை வளர்த்ததற்காக மருமகள் பழி சுமப்பதும் உண்டு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம், தொடர் கருச்சிதைவுக்கு 'டார்ச்' சோதனை செய்வதைக் கைவிடுமாறு 2011-இல் பரிந்துரைத்தது.

கருவுற்ற காலத்தில் புதிய தொற்று உறுதிப்பட்டால் சிகிச்சை உண்டு. தொடக்கத்தில் ஸ்பைராமைசின் தரப்படுகிறது. பதினெட்டாம் வாரத்திற்குப் பின் பனிக்குட நீரைச் சோதித்துக் கரு தொற்றுற்றதா என அறியலாம்; தொற்றிருப்பின் பைரிமெத்தமின், சல்பாடயசின் ஆகியவை போலினிக் அமிலத்துடன் அளிக்கப்படுகின்றன. தடுப்புக்கோ செலவே இல்லை: இறைச்சியை உட்புறச் சிவப்பு நீங்கும்வரை வேகவைத்தல், கீரை காய்களைக் கழுவுதல், நீரைக் கொதிக்கவைத்தல், தோட்ட வேலைக்குப் பின் கைகழுவுதல். வீட்டில் பூனை இருப்பின் அதனைத் துரத்த வேண்டியதில்லை. அதன் கழிவை நாள்தோறும் வேறொருவர் அகற்றினால் போதும்.