எழுத்தின் குரல் யாருக்கு உரியது?

ஒரு நூலை அச்சிடும் உரிமையும் அதனை ஒலிநூலாக்கும் உரிமையும் வெவ்வேறானவை. எழுத்தாளர் அவற்றைத் தனித்தனியே வழங்கி, தனித்தனியே உரிமத்தொகை பெறலாம். இப்பாகுபாட்டை ஓர் இயந்திரக் குரல் கேள்விக்கு உள்ளாக்கியது.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் ‘கிண்டில் 2’ என்னும் மின்நூல் கருவியை அறிமுகப்படுத்தியது. திரையில் தோன்றும் எழுத்தைச் செயற்கைக் குரலில் படித்துக்காட்டும் வசதி அதில் இருந்தது. மின்நூலின் விலைக்கே ஒலியும் கிடைக்குமானால் ஒலிநூல் விற்பனை குறைந்து எழுத்தாளர் வருவாய் சுருங்கும் என ‘ஆதர்ஸ் கில்டு’ என்னும் எழுத்தாளர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. படித்துக்காட்டுவதால் புதிய படி எதுவும் உருவாவதில்லை. ஆகவே அது சட்டத்திற்கு உட்பட்டதே என்றது அமேசான். எனினும், எந்தெந்த நூலுக்கு அவ்வசதியை அனுமதிப்பது என்னும் முடிவை அம்மாத இறுதியிலேயே உரிமையாளர்களிடம் விட்டது.

இம்முடிவு பார்வை மாற்றுத்திறனாளிகளைப் பாதித்தது. விலை கொடுத்து வாங்கிய நூலும் அவர்களுக்கு ஊமையாகலாம் என்ற நிலை தோன்றியது. அதனை எதிர்த்து ஏப்ரலில் நியூயார்க்கில் ஆர்ப்பாட்டம் நடைபெற்றது.

பின்னர் 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கை, பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்குப் பதிப்புரிமையில் விலக்கு அளித்தது. 2014இல் அதற்கு முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா.

எழுத்தாளரின் ஊதியமும் வாசகரின் உரிமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. விற்பனைக்கான ஒலிநூலையும் ஊனத்தைக் கடக்க உதவும் ஒலியையும் வேறுபடுத்திக் காணும் சட்டமே இரண்டையும் காக்கும்.