சம்மனை எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டுக்காரி. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறியபோது வெளியேறி, இப்போது தாமான் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகனுக்கு 20 வயது. ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. கப்சாய் மோட்டாரில்தான் போய் வருகிறான். கொஞ்ச நாளைக்கு முன் ரோட் பிளாக்கில் நிறுத்தி, பின் விளக்கு எரியவில்லை என்றார்களாம். “எப்படி, செட்டல் பண்ணலாமா?” என்று கேட்டதும் இவன் 50 வெள்ளியை ஐசிக்கு அடியில் வைத்துக் கொடுத்திருக்கிறான். போன வாரம் மறுபடி நிறுத்தியபோது, “போன தடவை கொடுத்தேனே, இன்னும் எத்தனை தடவை?” என்று கத்திவிட்டானாம். பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் விடியும் வரை உட்கார வைத்து, கைபேசியையும் வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். “மாத்தா நிறுத்துனா தலையக் குனிஞ்சிக்கிட்டு நில்லு” என்கிறார் என் மாமியார். “அடுத்த தடவை நிக்காம ஓட்டிடுவேன்” என்கிறான் மகன். எது சரி? இன்னொன்று, அவன் பெயரில் பழைய சம்மன் இருப்பதாகவும் சொன்னார்களாம். எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, இரண்டுமே சரியில்லை. மகன் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது அதுதான்.

ரோட் பிளாக் போடும் அதிகாரத்தை 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 26ஆம் பிரிவு தருகிறது. நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போவது தனிக் குற்றம். அதையும் விடுங்கள். 2010 ஏப்ரல் 26, விடியற்காலை. ஷா ஆலமில் அமினுல்ரஷிட் அம்சா என்ற 14 வயதுப் பையன் அக்காவின் காரை எடுத்துக்கொண்டு போனான். போலீஸ் துரத்தியது, அவன் நிற்கவில்லை, சுட்டார்கள், இறந்துபோனான். சுட்டவருக்கு 2011இல் 5 ஆண்டுச் சிறை கிடைத்தது. மறு ஆண்டு உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாடே அந்த வழக்கைப் பற்றி வாதிட்டது. பையன் திரும்பி வரவில்லை. தப்பி ஓடும் வண்டியில் இருப்பது பள்ளிப் பையனா, கொள்ளைக்காரனா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. எரியாத பின் விளக்கு சில வெள்ளியோடு முடிகிற விஷயம். ஓடத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி மாமியார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 1948 ஜூன் 16ஆம் தேதி உங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும், மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடனே அவசரகாலம் வந்தது. 12 வயதைத் தாண்டிய எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்ற சட்டமும் அந்த ஆண்டில்தான் வந்தது. இன்று உங்கள் மகன் ரோட் பிளாக்கில் நீட்டுகிற ஐசிக்கு அதுதான் மூதாதை. பல தோட்டங்களில் லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். விசாரணையே இல்லாமல் அடைத்துவைக்கவும் அன்று சட்டம் இருந்தது. 1960 ஜூலை 31 வரை 12 ஆண்டு இப்படியே போயிற்று. அந்த வாசலில் தலை குனிந்து நின்றவர்கள் பிழைத்தார்கள், அதையே பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தார்கள்.

ஆனால் இன்று ஜாலான் கோலகங்சாரில் டார்ச் லைட் பிடித்து நிற்கும் கோப்பரலுக்கு அந்தக் காலத்து அதிகாரம் கிடையாது. அவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குனிந்து நிற்கிறவனுக்கு அது பயன்படாது, கத்துகிறவனுக்கும் பயன்படாது.

நிறுத்தினால் இடது ஓரமாக ஒதுங்கி, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டட்டும். காராக இருந்தால் கண்ணாடியை இறக்கி, இரவில் உள் விளக்கைப் போட்டு, கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருக்க வேண்டும். பைக்குள்ளேயோ சீட்டுக்கு அடியிலேயோ திடீரென்று கையை விடக் கூடாது. “லைசென்ஸ் எடுக்கிறேன், துவான்” என்று சொல்லிவிட்டு எடுக்கட்டும். ‘துவான்’ என்று அழைப்பதில் யாருக்கும் குறைவில்லை. “அப்பா கெசாலாஹான் சாயா, துவான்?” என்று கேட்கவும் அவனுக்கு உரிமை இருக்கிறது. என் குற்றம் என்ன என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. எந்தத் தொனியில் கேட்கிறான் என்பதுதான் விஷயம், அதை வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீருடையில் இருந்தால் நெஞ்சில் பெயரும் எண்ணும் இருக்கும், மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். போலீஸ் வண்டி எண்ணையும்தான். சாதாரண உடையில் வந்து நிறுத்தினால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்டவர்களும் நீல அட்டை வைத்திருப்பார்கள், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மஞ்சள், ரிசர்வ் போலீசுக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு அதிகாரமே இல்லை. மலேசிய வழக்கறிஞர் மன்றம் 2006இல் வெளியிட்ட சிவப்புக் கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது. தமிழிலும் வந்தது, தேடிப் பிடித்து மகனைப் படிக்க வையுங்கள். பெண் பிள்ளைகள் இருட்டில் தனியாக ஓட்டும்போது சீருடை இல்லாத யாராவது நிறுத்தினால், ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக, வெளிச்சமுள்ள எண்ணெய் நிலையத்துக்கோ பாலாய்க்கோ போய் நிறுத்துவதுதான் நல்லது.

ஐசி கேட்டால் காட்டியே ஆக வேண்டும், லைசென்ஸும் அப்படித்தான். 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் வண்டிகளுக்கு ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை, சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும், லைசென்ஸையும் அதில் காட்டலாம். ஆனால் இரவு வேலை முடிந்து வருகிறவன் கைபேசியில் பேட்டரி இருக்காது. ஒரு நகல் எடுத்து மோட்டார் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். உங்கள் மகனிடம் லைசென்ஸ் இருக்கும் என்று நம்புகிறேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் 13 வயதிலேயே ஓட்டிப் பழகி, யாரும் கேட்காததால் லைசென்ஸே எடுக்காமல் 30 வயதுவரை ஓட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி அதற்கு 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தும் மோட்டாரைக் கொடுத்த மாமாவும் அதே பிரிவில் மாட்டுவார்.

தீபாவளி, கல்யாணம், கோயில் திருவிழா முடிந்து திரும்புகிற இரவுகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மூச்சில் மது அளவின் வரம்பு 2020 அக்டோபரில் 35 மைக்ரோகிராமிலிருந்து 22 மைக்ரோகிராமாகக் குறைந்துவிட்டது. முதல் தடவை பிடிபட்டாலே அபராதம் 10,000 ரிங்கிட்டிலிருந்து ஆரம்பம், 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஊதமாட்டேன் என்று மறுப்பதும் குற்றம்தான். பேரம் பேச அங்கே எதுவும் இல்லை. யாரையாவது அழைத்துவரச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து வாருங்கள்.

இப்போது அந்த 50 வெள்ளி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். லஞ்சம் வாங்கியவர் மட்டும் குற்றவாளி என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் அதே தண்டனை, 20 ஆண்டு வரை சிறை, அத்துடன் கொடுத்த தொகையைப் போல ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அந்த அளவுக்குக் குறையாத அபராதம். 50 வெள்ளிக்கு ஐந்து மடங்கு 250தான், ஆகவே 10,000. போக்குவரத்துப் போலீசுக்குச் சின்ன நோட்டு நீட்டிவிட்டு நீதிமன்றத்தில் நின்ற சாதாரண ஆட்கள் இந்த நாட்டில் நிறைய. அது மட்டுமா? அதிகாரி கேட்டால் அதைப் புகார் செய்வதும் அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி கடமை. ஊழல் தடுப்பு ஆணையத்தின் எண் 1-800-88-6000.

எல்லாரும் கொடுக்கிறார்களே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரிக் குற்றத்துக்குப் போலீஸ் கம்பவுண்ட் சாதாரணமாக 300 ரிங்கிட்டைத் தாண்டாது, பின் விளக்குக்கு அவ்வளவுகூட வராது. 2026 ஜனவரி 1 முதல், 15 நாளுக்குள் கட்டினால் பாதி தள்ளுபடி, 30 நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 60 நாள் தாண்டினால்தான் நீதிமன்றம். சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற பெரிய குற்றங்களில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே “செட்டல்” என்று காதில் விழுந்தால் மகன் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், சிரித்த முகத்தோடு: “தொலோங் தூலிஸ் சம்மன், துவான்.” தயவுசெய்து சம்மனை எழுதுங்கள் என்று கேட்கிறவனிடம் பேச அதற்கு மேல் எதுவும் இருக்காது. எழுதினால் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் தேதி, நேரம், இடம், அதிகாரியின் எண் எல்லாம் இருக்கும். செய்யாத குற்றமென்றால் அந்தத் தாளை வைத்து நீதிமன்றத்தில் வாதாடலாம். ரோட்டு ஓரத்தில் வாதாடி ஜெயித்தவன் யாரும் இல்லை.

நடந்துபோன 50 வெள்ளியை இப்போது என்ன செய்வது? புகார் கொடுத்தால் தானும் கொடுத்ததாக ஒப்புக்கொள்வதாகிவிடும். அவசரப்பட்டு ஓட வேண்டாம். ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. முதலில் அங்கே ஒரு வக்கீலைப் பார்த்து, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். ஊர்க் கட்சிக்காரரிடம் போய் ‘பேசி முடிக்க’ வேண்டாம். அதுவும் இன்னொரு செட்டல்தான்.

பாலாயில் விடியும் வரை உட்கார வைத்தார்களே, அங்கே அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: “சாயா டித்தாங்காப் கா, துவான்?” நான் கைதா? இல்லை என்றால் போகலாம். சாட்சி சொல்லக் கூப்பிடுவதானால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111ஆம் பிரிவுப்படி விசாரணை அதிகாரி எழுத்தில் அழைக்க வேண்டும். ஆமாம், கைதுதான் என்றால் 28A பிரிவு வந்துவிடுகிறது: காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் வக்கீலுக்கும் தெரிவிக்க விட வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. கைதானவர்களுக்காகத் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் இலவசமாக வக்கீல் அனுப்புகிறது, கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கைபேசி விஷயம் கொஞ்சம் சிக்கல். அதே சட்டத்தின் 116B பிரிவு, தேடுதல் நடத்தும் அதிகாரிக்குக் கணினித் தகவலைத் திறந்து காட்டச் சொல்கிறது. ஆனால் அந்த அதிகாரி இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். சும்மா வாட்ஸ்அப்பைப் புரட்டிப் பார்க்கும் கோப்பரலிடம், “எந்த வழக்குக்காக, துவான்?” என்று கேட்கலாம். விருப்பமில்லை என்றும் சொல்லலாம். பிடுங்கினால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். இழுத்தால், அரசு ஊழியரின் வேலையைத் தடுத்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 186ஆம் பிரிவு காத்திருக்கிறது. முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்து வீடியோ எடுப்பதும் அந்த வம்பில்தான் கொண்டுபோய் விடும். ஹெல்மெட்டிலோ காரிலோ கேமரா பொருத்தியிருந்தால் அது தன் வேலையைப் பேசாமல் பார்த்துக்கொள்ளும். லைசென்ஸைக் கைபேசியில் காட்டும்போதும் அது மகன் கையிலேயே இருக்கட்டும்.

அன்றிரவு நடந்ததைத் தேதி, நேரம், பெயரோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள், மறப்பதற்குள். போலீஸ் நடத்தை பற்றிய புகாரைப் புக்கிட் அமானில் உள்ள நேர்மைத் துறைக்கும், 2023 ஜூலை 1 முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் அனுப்பலாம். 2005இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்த அமைப்பு இதைவிடப் பல் உள்ளது. கிடைத்தது இதுதான் என்றாலும், எழுதிக் கொடுத்த புகாருக்கு ஒரு கோப்பு எண்ணாவது விழும். போலீஸ் ரிப்போர்ட்டை எந்தப் பாலாயிலும் போடலாம், நடந்த இடம் வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கடைசியாக, வராத அந்தச் சம்மன். வேகக் கேமராவிலோ எண் தட்டைக் குறித்தோ எழுதும் சம்மன் வண்டிக்காரரின் பெயருக்கு, ஜேபிஜேயில் பதிந்துள்ள முகவரிக்குத் தபாலில் போகும். உங்கள் மகனின் மோட்டார் இன்னும் தோட்டத்து முகவரியில்தான் பதிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த லயமும் இல்லை, கடிதத்தை வாங்கி வைக்கும் கிராணியும் இல்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் இது சகஜம். ஐசியில் ஒரு முகவரி, ஜேபிஜேயில் இன்னொன்று, ஆள் இருப்பது மூன்றாவது இடத்தில். கடிதம் கைக்கு வராமலே நீதிமன்றத் தேதி போய், பிடிவாரண்டு வரை ஆகிவிடும். பிறகு ஒரு நாள் ரோட் பிளாக்கில் ஐசியைத் தட்டிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

மைபாயார் பிடிஆர்எம் செயலியில் அவன் ஐசி எண்ணையும் மோட்டார் எண்ணையும் போட்டுப் பாருங்கள். கம்பவுண்ட் மட்டும்தான் என்றால் கட்டிவிடலாம். நீதிமன்றத் தேதி குறித்திருந்தால் மகன் தானே போக வேண்டும், தொழிற்சாலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு. மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். குற்றத்தை மறுப்பதானால் ‘மிந்தா பிச்சாரா’ என்று விசாரணை கேட்கலாம், வேறு தேதி கொடுப்பார்கள். முகவரியைப் பதிவிலாகாவிலும் ஜேபிஜேயிலும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அந்தப் பின் விளக்கின் பல்பையும்.