இன்சுலின் போடும் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

உள்நோயாளிக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்பதை மருத்துவர் எழுதுகிறார். அதை அளந்து செலுத்துபவர் செவிலியர். எழுதிய அளவு சரியாக இருந்தும் செலுத்திய அளவு பிழையானால் பயனில்லை. ஆகவே, பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவை நாங்கள் தகுதியாகக் கொள்வதில்லை. எங்கள் முன்னிலையில் செய்து காட்டியவரையே தனியாக ஊசி போட அனுமதிக்கிறோம்.

முதலில் பார்ப்பது, குப்பிக்கு ஏற்ற சிரிஞ்சை எடுக்கத் தெரிகிறதா என்பதை. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது; 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. 40க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்குரியது ஆரஞ்சு. மூடியைக் கழற்றியபின் நிறம் உதவாது என்பதால், சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் படிக்கச் சொல்கிறோம்.

மாறினால் என்ன ஆகும்? 20 யூனிட் வேண்டிய ஒருவருக்கு, 100 யூனிட் குப்பியிலிருந்து 40க்குரிய சிரிஞ்சில் 20 என்னும் கோடு வரை இழுத்தால், வருவது அரை மில்லிலிட்டர். அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! எதிர்மாறாக, 40 யூனிட் குப்பிக்கு 100க்குரிய சிரிஞ்சைப் பயன்படுத்தினால் 8 யூனிட்டே சேரும். முன்னது உயிருக்கே ஆபத்து. பின்னது ஓசையின்றிக் கெடுக்கும்: சர்க்கரை இறங்காததைக் கண்ட மருத்துவர், மருந்து போதவில்லையென எண்ணி அளவைக் கூட்டுவார். இக்கணக்கைத் தாளில் கேட்பதில்லை; குப்பியைக் கையில் கொடுத்தே கேட்கிறோம்.

கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலப்பது, தடித்துப்போன இடத்தில் ஊசி போடாதிருப்பது, ஒருவரின் இன்சுலின் பேனாவை ஊசியை மாற்றியும்கூட இன்னொருவருக்குப் பயன்படுத்தாதிருப்பது ஆகியனவும் தேர்வில் உண்டு.

தாழ்சர்க்கரையில் எங்கள் கண்டிப்பு அதிகம். வியர்வை, நடுக்கம், குழம்பிய பேச்சு ஆகியவற்றைக் கண்டவுடன் செவிலியர் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மருத்துவர் வரட்டும் எனக் காத்திருக்கலாகாது. நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. பதற்றத்தில் உறவினர்கள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அப்போது செய்ய வேண்டியது செவிலியரை அழைப்பது ஒன்றே.

உங்களிடமும் சில உதவிகளை வேண்டுகிறோம். உணவுக்கு முந்தைய ஊசி போட வரும்போது உணவு வந்து சேரவில்லையென்றாலோ, நோயாளி சாப்பிட மறுத்தாலோ, உடனே சொல்லுங்கள். எந்தக் குப்பி, எத்தனை யூனிட் என்று தயங்காமல் கேளுங்கள். விடை சொல்வது செவிலியரின் கடமை.

வீடு திரும்புமுன், அங்கே ஊசி போடப்போகிறவருக்கும் இதே தேர்வு உண்டு. வீட்டிலுள்ள குப்பியையும் சிரிஞ்சையும் அன்று எடுத்து வாருங்கள். பின்னாளில் மருந்துக் கடையில் வேறு குப்பி கொடுத்தால், இரண்டிலும் உள்ள எண்கள் ஒன்றா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.