புகைபிடிக்காதவரின் நுரையீரலில் புகை

கூரத்திலிருந்து எங்கள் நெஞ்சகநோய்ப் பிரிவுக்கு வந்த, அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரிடம் வழக்கமான கேள்விகளுள் ஒன்றைக் கேட்டோம்: புகைபிடிக்கும் பழக்கம் உண்டா? உடன் வந்திருந்த மருமகள் வாய்பொத்திச் சிரித்தார். அம்மையாருக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது. 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் சென்றோம். எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது.

பல ஆண்டுகளாக அவருக்கு இருமல். மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் மூச்சிரைப்பு கூடும். ஓரிடத்தில் ஆஸ்துமா என்றார்கள். மற்றோரிடத்தில் காசநோயோ என்று ஐயுற்றுச் சளியைச் சோதித்தார்கள். நாங்களும் முதல் வருகையில் மருந்து எழுதி அனுப்பிவிட்டோம். இரண்டாம் வருகையில்தான் ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதுசோதனையைச் செய்தோம். ஆழ்ந்து இழுத்த மூச்சை வேகமாக வெளியே ஊதும்போது, மொத்தக் காற்றில் எவ்வளவு பங்கு முதல் நொடியிலேயே வெளியேறுகிறது என்பதை இச்சோதனை அளக்கும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும் அப்பங்கு 70 விழுக்காட்டுக்குக் குறைந்திருந்தால், காற்றுப்பாதைகள் நிலையாகச் சுருங்கிவிட்டன என்று கொள்கிறோம். இது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்; சுருக்கமாக சி.ஓ.பி.டி. பீடி, சிகரெட் பிடிப்போருக்கு வரும் நோய் என்றே பலரும் இதை அறிந்திருக்கிறார்கள்.

சோதனைக் கருவியின் குழலைக் கையில் வாங்கிய அம்மையார், இதுவும் ஊதாங்குழல் மாதிரிதானே என்றார். அதன் பிறகே கேட்க வேண்டியதைக் கேட்டோம். மணமாகி வந்த நாள் முதல் விறகடுப்புதான் என்றார். வேலிக்காத்தான் கட்டை, சுள்ளி, வறட்டி. சன்னல் இல்லாத சமையலறை. முன்கூடத்தில் கணவரின் பட்டுத்தறி. பாவில் கரியோ கறையோ படக்கூடாது என்பதற்காகச் சமையலறைக் கதவை எப்போதும் சாத்தியே வைப்பாராம்.

விறகுப் புகையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் கரி மட்டுமன்று. தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். புகைத் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இந்நுண்துகள்களோ மூச்சுக் கிளைகளின் கடைசி வரை சென்று காற்று நுண்ணறைகளில் தங்குகின்றன. அவற்றை அகற்ற உடல் நடத்தும் போராட்டமே அழற்சி. அது நாள்தோறும் இருவேளை, பல்லாண்டுகள் தொடர்ந்தால் குழாய்களின் சுவர் தடிக்கும், சளி மிகும், நுண்ணறைகள் சிதையும். ஊதாங்குழலால் ஊதுபவர் ஒவ்வொரு முறையும் அடுப்பருகே குனிந்து மூச்சை ஆழ இழுக்கிறார் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

காற்றின் ஒரு கனமீட்டரில் 24 மணி நேரச் சராசரியாக இந்நுண்துகள் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியா 2009இல் வகுத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 15. புகைபோக்கியில்லாத சமையலறையில் விறகு எரியும் நேரத்தில் இது சில நூறுகளைத் தொடும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. நுரையீரல் நோயால் மட்டும் நேர்ந்த இறப்புகள் அல்ல இவை. மாரடைப்பும் பக்கவாதமும் இக்கணக்கில் பெரும்பங்கு வகிக்கின்றன. சிறு குழந்தைகளின் நிமோனியாவும் இதில் சேரும். கண்புரைக்கும் விறகுப் புகைக்கும் தொடர்பு உண்டு.

நம் அண்டை மாவட்டமான திருவள்ளூரில் 45 கிராமங்களைச் சேர்ந்த, முப்பது வயதைக் கடந்த, புகைபிடிக்காத 900 பெண்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களுள் நூற்றுக்கு 2.4 பேருக்கு இந்நோய் இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் அது 3 விழுக்காடு. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 'பழக்கம் இல்லை' என்ற பதிலோடு நாம் நிறுத்திக்கொண்டால் இவர்களில் ஒருவரைக்கூடக் கண்டறிய மாட்டோம்.

இப்போதுதான் எல்லா வீட்டிலும் எரிவாயு வந்துவிட்டதே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த அம்மையார் வீட்டிலும் சிலிண்டர் இருக்கிறது. குழம்பும் காப்பியும் அதில்தான். ஆனால் குளிக்க வெந்நீர் வைப்பது, நெல் அவிப்பது, விசேஷ நாளில் பெரிய பாத்திரம் ஏற்றுவது எல்லாம் விறகில். சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் சோறும் விறகுக்கு மாறிவிடும். இது அறியாமை அன்று, வீட்டுக் கணக்கு. அதை அறிவுரையால் மட்டும் மாற்ற முடியாது என்பதே எங்கள் கருத்து. எனவே "கேஸ் இருக்கிறதா?" என்ற கேள்வியை விட்டு, "உங்கள் வீட்டில் தினமும் எதுவெல்லாம் எரிகிறது?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறோம். வியப்பான பதில்கள் வருகின்றன. கொசுவர்த்தி அவற்றுள் ஒன்று. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவடைத்த அறையில், குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றிவைக்கும் வீடுகள் ஏராளம். கொசுவலை இதைவிட நல்லது.

வெளிக்காற்றும் தூயதன்று. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் டீசல் புகை, கல்குவாரி லாரிகள் கிளப்பும் தூசி, தெருமுனையில் எரியும் நெகிழிக் குப்பை ஆகியவை நாம் அன்றாடம் காண்பவை. பனிக்காலத்து அதிகாலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தங்கிவிடுவதால் புகையும் அங்கேயே நிற்கும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்துவது போகி மரபில் என்று சேர்ந்ததோ! நுரையீரல் நோயாளிகள் அன்று காலை வெயில் ஏறும்வரை கதவு, சன்னல்களைச் சாத்தி வீட்டுக்குள் இருப்பது நல்லது. துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. வெளியே சென்றே ஆகவேண்டும் என்றால் என்-95 வகையை மூக்கோடு பொருந்த அணிய வேண்டும்.

இன்ஹேலர் பழகிவிடும் என்று அஞ்சி நிறுத்திவிடுவோர் பலர். அது பழக்கமாகும் மருந்தன்று. மிகக் குறைந்த அளவு மருந்தை நேரே மூச்சுக்குழலுக்கே சேர்ப்பதால் மாத்திரையைவிடப் பக்கவிளைவு குறைவு. ஆனால் இழக்கப்பட்ட நுரையீரல் திறனை எந்த மருந்தும் மீட்டுத் தராது. மேலும் இழக்காமல் காப்பதே எங்களால் இயல்வது. இருமலும் இரைப்பும் மாதக்கணக்கில் நீடிக்கும் உங்கள் வீட்டுப் பெண்களை, பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை என்பதற்காக ஊதுசோதனை செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

அந்த அம்மையார் இப்போது தவறாமல் இன்ஹேலர் எடுக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அவருக்கு மருத்துவமனையில் சேரும் நிலை வரவில்லை. வெந்நீர் அடுப்பைக் கொல்லைக்கோடிக்கு மாற்றிவிட்டார்கள். அதை இப்போது ஊதுபவர் மருமகள். அடுத்த முறை வரும்போது அவருக்கும் ஊதுசோதனை செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.